பூச்சி மாத்திரையும் பிள்ளையின் எடையும்

அல்பெண்டசோல் என்னும் குடற்புழு நீக்க மாத்திரை இன்று இந்தியாவில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் 1 வயது முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கொடுக்கப்படுகிறது. 2 வயது நிறைந்தவர்களுக்கு 400 மில்லிகிராம் கொண்ட முழு மாத்திரையும், அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குப் பாதி மாத்திரை பொடித்துத் தண்ணீரில் கரைத்தும் தரப்படுகின்றன. 2015 பிப்ரவரி 10 அன்று தேசிய குடற்புழு நீக்க நாள் என்ற பெயரில் தொடங்கிய இத்திட்டம் இரண்டு கூற்றுகளின் மேல் நிற்கிறது. மாத்திரை புழுவைக் கொல்லும் என்பது ஒன்று. புழு செத்தால் பிள்ளை தேறும், எடை கூடும், உயரும் என்பது மற்றொன்று. சாட்டைப்புழுவிடம் மருந்தின் வேகம் மிகக் குறைவு என்ற ஒரு குறையை ஒதுக்கிவிட்டால், முதற்கூற்றில் எவருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. இரண்டாவது கூற்றோ, முக்கால் நூற்றாண்டாகப் பல நாடுகளில் சோதிக்கப்பட்டும், சோதித்த இடத்துக்கு ஒரு விடையாகவே வந்துகொண்டிருக்கிறது. குடற்புழு ஆராய்ச்சியின் வரலாற்றில் நேர்ந்த குழப்பங்களில் பெரும்பாலானவை, இவ்விரு கூற்றுகளும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளப்பட்டதால் நேர்ந்தவை.

வயிற்றில் பூச்சி இருந்தால் பிள்ளை தேறாது என்ற எண்ணம் மருத்துவ ஆய்வுகளுக்கு மிகவும் முந்தியது. தமிழ்நாட்டு வீடுகளில் குறிப்பிட்ட இடைவெளியில் விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவதும், வேப்பங்கொழுந்தை அரைத்து உருட்டி விழுங்கச் செய்வதும், சித்த மருத்துவர்கள் வாய்விளங்கத்தைப் பூச்சிக்குப் பரிந்துரைப்பதும் அந்த எண்ணத்தின் நடைமுறை வடிவங்களே. ஆயினும், புழுவை அரசாங்கங்களின் கவலையாக மாற்றியது பிள்ளைகளின் மெலிவு என்று சொல்வதற்கில்லை. அதைச் செய்தது கூலியாட்களின் சோர்வு. 1838-இல் மிலான் நகரில் ஒரு குடியானவப் பெண்ணின் உடலை அறுத்து ஆராய்ந்த ஆஞ்செலோ துபீனி, சிறுகுடலில் கண்ட ஒரு புழுவை விவரித்தார். குடற்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தம் உறிஞ்சும் அந்தக் கொக்கிப்புழுவுக்கும் இரத்தசோகைக்கும் உள்ள தொடர்பு, 1880-ஐ ஒட்டி ஆல்ப்ஸ் மலையில் சென் கொத்தார்டு சுரங்கம் தோண்டிய தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாக வெளிறி விழுந்தபோதுதான் ஐரோப்பாவின் கவனத்துக்கு வந்தது. மண்ணில் பொரிந்த இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்துக்கொண்டு உடலுக்குள் நுழைகிறது என்பதைக் கெய்ரோவில் பணியாற்றிய ஆர்தர் லூஸ், தம் கைமேல் தற்செயலாகச் சிந்திய புழுநீரின் மூலமாக அறிந்துகொண்டார்.

இந்த அறிவைப் பெருந்தொழிலாக்கியவர்கள் அமெரிக்கர்கள். 1909-இல் ஜான் டி. ராக்ஃபெல்லர் கொடுத்த பத்து லட்சம் டாலரைக் கொண்டு அமெரிக்கத் தென்மாநிலங்களில் தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம், சில ஆண்டுகளில் பிரிட்டிஷ் பேரரசின் தோட்டங்களுக்குப் பரவியது. இலங்கையில் அது 1916-இல் மாத்தளைப் பகுதியில் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர்களைச் சோதித்தபோது நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கும் மேல் கொக்கிப்புழு இருந்தது. பின்னர், இலங்கைக்குக் கப்பலேறுமுன் அவர்கள் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாமிலேயே புழு மருந்து புகட்டப்படலாயிற்று. அக்காலத்து மருந்தான தைமால், ஓம எண்ணெயிலும் இருக்கும் ஒரு படிகப்பொருள். எண்ணெயிலும் சாராயத்திலும் எளிதில் கரைவது. அதை விழுங்கிய நாளில் எண்ணெய்ப் பண்டமோ மதுவோ உட்சென்றால் மருந்து குடலில் தங்காமல் இரத்தத்தில் ஏறி உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால், முன்னும் பின்னும் பேதியுப்பு கொடுத்து, பட்டினி போட்டு, கண்காணிப்பில் வைத்தே அதைத் தர வேண்டியிருந்தது. வீட்டில் பூச்சிக்கு விளக்கெண்ணெய் குடித்துப் பழகிய மக்களிடம், எண்ணெய்ப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லும் மருந்து வந்து சேர்ந்ததை எண்ணிப் பார்க்கலாம்.

சென்னை மாகாணத்திலும் இதே காலத்தில் ஒரு கொக்கிப்புழு விசாரணை நடந்தது. அதன் பகுதியாக, ஜே.எஃப். காயஸ், கே.எஸ். மாஸ்கர் ஆகிய இருவரும் புழுக்கொல்லிகளின் வேதிக் கட்டமைப்புக்கும் அவற்றின் குணமாக்கும் ஆற்றலுக்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ந்து, தொடர் கட்டுரைகளாக வெளியிட்டனர். எந்த மூலக்கூறு எத்தனை புழுவை வெளியேற்றுகிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சி அது. புழு வெளியேறிய பின் அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அக்காலத்து அறிக்கைகளில் வேலைத்திறன், இரத்தச் சிவப்பு ஆகிய இரண்டோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தைமாலும், அதன் இடத்தைப் பிடித்த கினோபோடிய எண்ணெயும், 1921-இல் மாரிஸ் ஹால் அறிமுகம் செய்த கார்பன் டெட்ராகுளோரைடும் சவலைக் குழந்தைக்கு ஊரூராகக் கொடுக்கக்கூடிய மருந்துகள் அல்ல என்பதையும் இங்கே மறந்துவிடக் கூடாது. கைக்குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிய ஆராய்ச்சி தாமதமானதற்குக் கவனக்குறைவைப் போலவே நச்சுத்தன்மையும் ஒரு காரணம்.

புழுவையும் ஊட்டக்குறைவையும் நேரடியாக இணைத்துப் பார்த்த தொடக்ககால முயற்சிகளில் ஒன்று நீலகிரியில் நடந்தது. ராபர்ட் மெக்கரிசன் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வகம், காலப்போக்கில் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. அது குன்னூரில் இருந்த காலத்தில், பி.எஸ். வேங்கடாசலமும் வி.என். பட்வர்த்தனும் உருண்டைப்புழு, அதாவது வழக்கில் நாக்குப்பூச்சி எனப்படும் நீண்ட வெண்புழு, புரதச் செரிமானத்தைக் கெடுக்கிறதா என்று ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கையாண்ட முறை பொறுமையைக் கோருவது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு; ஆகவே பிள்ளை உண்ணும் உணவிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதே நாட்களில் வெளியேறும் மலத்திலுள்ள நைட்ரஜனையும் அளந்தால், உண்ட புரதத்தில் உடலில் சேராமல் போனது எவ்வளவு என்று தெரியும். இதைப் புழு இருக்கும்போது ஒரு முறையும், மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றிய பின் மறுமுறையும் செய்து ஒப்பிட்டார்கள். புழு போன பிறகு மலத்தில் வீணாகும் நைட்ரஜன் குறைந்தது. பின்னர் 1970-களின் தொடக்கத்தில் கொலம்பியாவின் காலி நகரில் கே. திரிபாதி முதலானோர், புழு மிகுந்த பிள்ளைகளிடம் கொழுப்பும் சேர்ந்து வீணாவதைக் கண்டார்கள்.

இந்த ஆய்வுகளில் ஒரு நிபந்தனை அடங்கியிருந்தது. வயிறு நிறையப் புழு சுமந்த பிள்ளைகள், ஏற்கெனவே குறைந்த புரதத்தில் வாழ்ந்தவர்கள், அளவிடப்பட்ட உணவு, மருத்துவமனைக் கண்காணிப்பு ஆகிய சூழலில் கிடைத்த விடை அது. புழு உண்டு, இல்லை என்ற பிரிவினையைக் காட்டிலும் எத்தனை புழு என்ற எண்ணிக்கையே ஊட்டத்தைத் தீர்மானிக்கிறது. ஓர் ஊரின் புழுக்களில் பெரும்பங்கு அவ்வூரின் சிலரது வயிற்றிலேயே குவிந்திருக்கும் என்பது ஒட்டுண்ணியியலில் நன்கு அறியப்பட்ட உண்மை. நார்மன் ஸ்டோல் 1947-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கணக்கின்படி உலகில் உருண்டைப்புழுத் தொற்று 64 கோடிக்கும் மேல். ஆனால் அத்தனை பேரும் குன்னூரிலோ காலியிலோ அளக்கப்பட்ட பிள்ளைகளின் நிலையில் இருந்தார்கள் என்று கொள்ள இடமில்லை. பின்னாளில் திட்டம் வகுத்தவர்கள் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டார்கள்.

பெரிய எண்ணுக்கேற்ற மருந்து ஆட்டுப்பட்டியிலிருந்து வந்தது. 1961-இல் வெளிவந்த தயாபெண்டசோலில் தொடங்கும் பென்சிமிடசோல் குடும்பத்து மருந்துகள், கால்நடைகளின் குடற்புழுவால் பண்ணையாளர்கள் அடைந்த நட்டத்தைத் தவிர்க்கவே முதன்மையாகத் தேடப்பட்டவை. 1970-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் யான்சன் நிறுவனத்திலிருந்து மெபெண்டசோலும், அதே பத்தாண்டுக்குள் ஸ்மித்கிளைன் நிறுவனத்திலிருந்து அல்பெண்டசோலும் வந்தன. பின்னது ஆடுகளுக்கு விற்கப்பட்ட பிறகே, 1980-களில் மனிதப் பயன்பாட்டுக்கு வந்தது. இம்மருந்துகள் புழுவின் உயிரணுக்களுக்குள் சட்டகம்போல அமைந்த நுண்குழாய்களைக் கட்டும் டியூபுலின் என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. குழாய் கட்ட இயலாத புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் மெல்லச் சாகிறது. மனிதக் குடலில் குறைவாகவே உட்கவரப்படுவதால் ஒற்றை வேளை மருந்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. பட்டினியும் பேதியுப்பும் மருத்துவரின் காவலும் தேவையற்ற, ஒரே ஒரு மாத்திரையில் முடிகிற சிகிச்சை கைக்கு வந்ததும், மலச் சோதனையே செய்யாமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடுவது மலிவு என்ற வாதம் வலுத்தது.

வளர்ச்சியை அளந்த களச் சோதனைகளும் இதே காலத்தில் பெருகின. எம்.சி. குப்தாவும் உடனாய்வாளர்களும் 1977-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், துணை உணவு பெற்றுவந்த இந்தியப் பிள்ளைகளுக்கு அவ்வப்போது புழுநீக்கம் செய்ததால் ஊட்டநிலை மேம்பட்டது. அதே குப்தா, 1982-இல் குவாத்தமாலாப் பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, உருண்டைப்புழுவுக்கான பிப்பெரசின் வளர்ச்சியில் மாற்றம் ஏற்படுத்தவில்லை என்றும், ஜியார்டியா என்னும் ஒற்றையணு ஒட்டுண்ணிக்கான மெட்ரோனிடசோலே பயன் தந்தது என்றும் முடிவு சொன்னார். ஒரே ஆய்வாளர், ஒரே கேள்வி, இரு கண்டங்களில் இரு விடைகள். கென்யாவின் குவாலே மாவட்டத்தில் லானி ஸ்டீபன்சனும் மைக்கேல் லேதமும் நடத்தி 1989-இல் வெளியிட்ட சோதனையில், ஒரே ஒரு வேளை அல்பெண்டசோல் பெற்ற பள்ளிப் பிள்ளைகள், போலி மாத்திரை பெற்றவர்களைவிட ஆறு மாதங்களில் 1.3 கிலோ கூடுதலாக எடை பெற்றார்கள். உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் மலிந்த கடலோரப் பகுதி அது. 1993-இல் உலக வங்கி தன் ஆண்டறிக்கையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான புழுநீக்கத்தை மிகச் சிக்கனமான சுகாதார முதலீடுகளுள் ஒன்றாகக் காட்டியது. உலக வங்கி உதவியுடன் 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்திலோ, அதற்கு வெகு முன்பே, மாதந்தோறும் எடை பார்த்து மெலிந்த பிள்ளைகளைக் கண்டறிந்து சத்துமாவு உருண்டை கொடுப்பதோடு புழுநீக்கமும் சேர்க்கப்பட்டிருந்தது. பிள்ளை தேறியதில் உருண்டைக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட அத்திட்டத்தில் வழியில்லை. பிரித்துக் காட்டுவது அதன் நோக்கமும் இல்லை.

அந்தப் பங்கைப் பிரிக்க நடந்த ஆகப் பெரிய முயற்சி உத்தரப்பிரதேசத்தில் நிகழ்ந்தது. லக்னோ மருத்துவக் கல்லூரியின் ஷாலி அவஸ்தி, ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்டு பீட்டோ முதலானோர் தேவ்தா என்ற பெயரில் நடத்திய அந்தச் சோதனையில் 72 வட்டாரங்கள் சேர்ந்தன. 36 வட்டாரங்களில் 1 முதல் 6 வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஆறு மாதங்களுக்கு ஒரு முறை 400 மில்லிகிராம் அல்பெண்டசோலை அங்கன்வாடிப் பணியாளர்கள் கொடுக்க, மற்ற 36-இல் கொடுக்கப்படவில்லை. எந்த வட்டாரம் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையே முடிவு செய்தது. 1999 முதல் 2004 வரை ஐந்தாண்டுகள் நீடித்த இச்சோதனைக்கு உட்பட்ட பிள்ளைகள் ஏறத்தாழ 10 லட்சம் பேர். வைட்டமின் ஏ-யின் பயனும் அதே அமைப்புக்குள் தனியே சோதிக்கப்பட்டது.

இதற்கு முன் லக்னோவின் சேரிகளில் அவஸ்தியின் குழு நடத்தி, 2008-இல் வெளியான சிறு சோதனையில், இரண்டாண்டுகளில் மருந்து பெற்ற பிள்ளைகள் ஏறத்தாழ ஒரு கிலோ கூடுதலாக எடை பெற்றிருந்தார்கள். யார் மருந்து பெற்றார் என்பது மறைக்கப்படாத சோதனை அது. ஒரு கிலோ என்பது ஐந்து வயதுக்குட்பட்ட மெலிந்த பிள்ளைக்கு மிகப் பெரிய எடை. அது உண்மையாயின் தேவ்தாவில் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்திருக்கலாம். தேவ்தாவில் கண்டது வேறு. மலச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட பிள்ளைகளில் புழு முட்டை வெளியேற்றியவர்கள் மருந்தில்லாத வட்டாரங்களில் 36 விழுக்காடு, மருந்து பெற்ற வட்டாரங்களில் 16 விழுக்காடு. ஆக மாத்திரை விழுங்கப்பட்டது, வேலையும் செய்தது. ஆனால் குறைந்தது இரண்டாண்டு மருந்து பெற்ற பின், 4 வயதுக்குச் சீராக்கிப் பார்த்த சராசரி எடை மருந்து பெற்ற பக்கம் 12.72 கிலோ, பெறாத பக்கம் 12.68 கிலோ. வேறுபாடு 40 கிராம். தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு. ஓர் அங்கன்வாடிப் பகுதிக்கு இறப்பு மருந்து பெற்ற பக்கம் 3.00 என்றும் பெறாத பக்கம் 3.16 என்றும் வந்தது. இதையும் உறுதியான குறைவு என்று சொல்ல முடியவில்லை.

களப்பணி 2004-இல் முடிந்த இச்சோதனையின் முடிவு லான்செட்டில் வெளியானது 2013-இல். இடைப்பட்ட காலத்தில் பல நாடுகளில் புழுநீக்கத் திட்டங்கள் விரிந்துகொண்டிருந்தன. உலகின் மற்ற எல்லாப் புழுநீக்கச் சோதனைகளையும் கூட்டினாலும் எண்ணிக்கையில் மிஞ்சும் ஒரு சோதனையின் விடை இத்தனை ஆண்டு அச்சேறாமல் இருந்ததை, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீட்டாளர்கள் வெளிப்படையாகக் கண்டித்தார்கள், கண்டனம் நியாயமானதே. லிவர்பூலைச் சேர்ந்த பால் கார்னர், டேவிட் டெய்லர்-ராபின்சன் ஆகியோர் சோதனைகளைத் தொகுத்து எழுதிய மதிப்பீடுகள், மலம் சோதித்துப் புழு இருப்பது உறுதியான பிள்ளைகளுக்கு மருந்து கொடுத்தால் எடை சராசரியாக அரைக் கிலோவுக்கும் மேல் கூடக்கூடும் என்றும், சோதிக்காமல் எல்லோருக்கும் கொடுத்தால் அந்தப் பயன் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது என்றும் காட்டின. இது குன்னூரின் நிபந்தனைதான். வேறு வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. எட்வர்டு மிகெல், மைக்கேல் கிரேமர் ஆகிய பொருளியலாளர்கள் கென்யாவின் புசியாப் பகுதியில் 75 பள்ளிகளில் நடத்திய புழுநீக்க ஆய்வைப் பற்றி 2015-இல் மூண்ட பெரும் விவாதம் பள்ளி வருகையைக் குறித்தது. ஊட்டம் பற்றிய வரலாற்றில் அதற்கு இரைச்சலுக்கு ஏற்ற இடமில்லை.

இவ்வளவிலும் மிகச் சிறிய குழந்தைகள் நெடுங்காலம் கணக்கிலேயே வரவில்லை. 24 மாதத்துக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இம்மருந்துகள் கூடா என்ற எச்சரிக்கை நிலவியது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் கூட்டிய கலந்தாய்வுக்குப் பிறகே 12 மாதம் நிறைந்த குழந்தைக்குக் கொடுக்கலாம் என்ற நிலை உருவானது. உயரக் குறைவு பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் நேர்ந்துவிடுவதால், வளர்ச்சிக்காகப் புழுநீக்கம் செய்வதென்றால் அந்த வயதில் செய்ய வேண்டும் என்பது வாதம். சான்சிபார் தீவுக்கூட்டத்தின் பெம்பாவில் ரெபெக்கா ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் குழுவினர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெபெண்டசோல் கொடுத்து, 2004-இல் வெளியிட்ட முடிவில், 30 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளிடம் மெலிவு குறைந்ததாகவும் பசி கூடியதாகவும் தெரிவித்தார்கள். பெருவின் அமேசான் பகுதியிலுள்ள இகிட்டோஸில் 12 மாதக் குழந்தைகள் 1,760 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியான சோதனையில் எடையிலும் உயரத்திலும் வேறுபாடு தெரியவில்லை. அந்த வயதில் குழந்தை தரையில் தவழ்ந்து மண்ணைத் தின்னத் தொடங்கிச் சிறிது காலமே ஆகியிருக்கும். தொற்று உண்டென்றாலும் புழுச்சுமை இன்னும் ஏறவில்லை. கொல்ல அதிகமில்லாத இடத்தில் கொல்லியின் பயனை அளப்பது கடினம்.

இதனால் ஆராய்ச்சியின் பார்வை புழுவிலிருந்து குடற்சுவரின் பக்கம் திரும்பியது. சுகாதாரமற்ற சூழலில் வாழ்பவர்களின் குடலில், நோய் என்று சொல்லத்தக்க அறிகுறி இல்லாமலேயே, உணவை உறிஞ்சும் விரல்போன்ற நுண்ணுறிஞ்சிகள் தட்டையாகிப்போவதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் முன்பே விரிவாக ஆராய்ந்திருந்தார்கள். இன்று சூழல்சார் குடல்நலிவு எனப்படும் இந்நிலையில், அல்பெண்டசோலுக்கு ஏதேனும் பயன் உண்டா என்று மலாவியில் மார்க் மனாரியின் குழுவினர் சோதித்து, 2014-இல் வெளியிட்டார்கள். 1 முதல் 3 வயது வரையிலான 225 குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஒரு வேளை அல்பெண்டசோல், ஒரு பகுதியினருக்கு 14 நாள் துத்தநாகம், எஞ்சியோருக்குப் போலி மருந்து. குழந்தைக்கு லாக்டுலோஸ், மானிட்டால் என்ற இரு சர்க்கரைகளைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பின்னர் அதன் சிறுநீரைச் சில மணி நேரம் சேகரித்தார்கள். சிறு மூலக்கூறான மானிட்டால் நலமான குடல் வழியாகவும் இரத்தத்தில் சேரும். பெரிய மூலக்கூறான லாக்டுலோஸ் குடற்சுவரில் இடைவெளி விழுந்தால் மட்டுமே குறிப்பிடத்தக்க அளவில் நுழையும். சிறுநீரில் இவ்விரண்டின் விகிதம் ஏறினால் சுவர் கசிகிறது என்று பொருள். 34 நாட்களுக்குப் பின் போலி மருந்துக் குழுவில் அவ்விகிதம் சராசரியாக 0.12 ஏற, அல்பெண்டசோல் குழுவில் 0.04, துத்தநாகக் குழுவில் 0.03 மட்டுமே ஏறியிருந்தது. மருந்து குடலைச் சீராக்கவில்லை. சீர்கேட்டின் வேகத்தைச் சற்றுத் தடுத்தது, அதுவும் துத்தநாகம் தடுத்த அளவுக்கே.

இப்போது தமிழ்நாட்டில் இம்மாத்திரையைச் சுற்றி நடந்துள்ள பெரிய ஆராய்ச்சி எடைத்தட்டிலிருந்து விலகியே நிற்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பொறுப்பில் திமிரியிலும் சவ்வாது மலையிலும், பெனின், மலாவி நாடுகளின் களங்களோடு இணைந்து நடந்த டீவோர்ம்3 சோதனையில், பிள்ளைகளோடு பெரியவர்களுக்கும் சேர்த்து ஊர் முழுமைக்கும் அல்பெண்டசோல் கொடுக்கப்பட்டது; ஏனெனில் தென்னிந்தியாவில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் கொக்கிப்புழு, அது பள்ளிப் பிள்ளைகளைவிட வயலில் வெறுங்காலோடு வேலை செய்யும் பெரியவர்களிடமே அதிகம் தங்குகிறது. மருந்தை நிறுத்தி 24 மாதங்களுக்குப் பின் தொற்று 2 விழுக்காட்டுக்குள் இருக்குமா என்பதே அச்சோதனையின் முதன்மைக் கேள்வியாக வைக்கப்பட்டது.